ஊசியக்கா மீசை வைத்த கதை

எங்கள் ஊரில் ஒரு பொய் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதற்கு டிக்கெட் கிழிக்கிறோம்.

காட்டைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் பேருந்தில் வருவார்கள். இறங்கி, மரத்தைப் பார்த்து, அது மரம்தான் என்று உறுதிசெய்துகொண்டு, சாயங்காலம் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் எங்கள் கலைக்கூடத்துக்கு வந்து சேர்வார்கள். கலைக்கூடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மரம் அறுக்கும் ஆலையின் பழைய பலகைக் கிடங்குதான் அது. ஒரு மூலையில் ஊர் வரலாறு: துருப்பிடித்த கோடரிகள், பல் போன ரம்பம், ஸ்டுடியோக்காரர் எடுத்த போட்டோக்கள். மறு மூலையில் மேடை. மேடையில் ‘தீயை வென்ற ஊர்’ என்ற நாடகம். எழுதியவர், இயக்குபவர், திரை இழுப்பவர் எல்லாம் அதே ஸ்டுடியோக்காரர். அழுத முகத்தோடு போட்டோவுக்கு வருகிறவர்களையும் பல் தெரியச் சிரிக்கவைத்து அனுப்புகிற ஆள். சிரிப்பு இல்லாத எதையும் அவருக்குப் பிடிக்காது.

நாடகத்தில் எல்லோரும் வீரர்கள். கோடரி வீரர், வாளி வீரர், ஈரச்சாக்கு வீரர். அவர்கள் வசனம் பேசும்போது வெளியூர்க்காரர்கள் கொட்டாவி விடுவார்கள். சிரிப்பு வருகிற இடம் ஒன்றே ஒன்று. குடிகாரக் காவல்காரன் பரண்மேல் பாட்டிலோடு தூங்குவான். காடு எரியும். அவன் தூக்கத்தில் பெண்டாட்டியிடம் உதை வாங்குவதுபோலப் புலம்புவான், கையை வீசுவான், உருண்டு ஏணியோடு கீழே விழுவான். கிடங்கே அதிரும். பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்து விசிலடிப்பது எங்கள் வேலை. நன்றாக விழுந்தால் நன்றாக அடிப்போம்.

அந்தக் காவல்காரனின் நிஜமான பெண்டாட்டி அப்போது மேடைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அடுத்த காட்சியின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பார். அவர்தான் ஊசியக்கா. எங்களுக்கும் அக்கா, எங்கள் அம்மாக்களுக்கும் அக்கா.

ஊசி என்ற பெயர் தையலால் வந்தது என்று அவர் சொல்வார். ஊர் வாயைச் சொல்லும். ஆலைக்காரர்களின் தோல் கையுறை, முழங்காலில் ஒட்டுப்போட்ட கால்சட்டை எல்லாமே அவர் மெஷினில் தைத்தவை. உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசுவார். ஒன்றைக்கூட விழுங்கியதில்லை, ஒருவரையும் விட்டதுமில்லை.

“ஏண்ணே, போன வருஷத்து அளவுலயே தைன்னா தைக்கிறேன். போன வருஷத்து வயித்த எங்கேருந்து கொண்டாருவீங்க?”

அவர் கணவர் ஆலையின் பரண்காரர். காட்டுக்குள் ஆலை வைத்தால் தீக்கு ஒரு காவல் வேண்டும். குன்றின் உச்சியில் உயரமான மரப்பரண். அதில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும், பக்கத்தில் ஓர் இரும்புக்கம்பி. மணிக்கு ஒருமுறை அவர் ஓர் அடி அடிப்பார். எல்லாம் நலம் என்று அர்த்தம். விடாமல் அடித்தால் தீ. அடியே வராவிட்டால் ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது, யாராவது ஏறிப் பார்க்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், பெரிய ரம்பம் ஓடும்போது காதுக்குள் வந்து கத்தினாலும் கேட்காது. அதனால் ஆலையில் ஒரு கட்டாயம் வைத்திருந்தார்கள். மணிக்கு ஒருமுறை ரம்பத்தை நிறுத்த வேண்டும். வாயை மூடிக்கொண்டு எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். குன்றிலிருந்து அந்த ஓர் அடி வந்த பிறகே ரம்பம் மறுபடி ஓடும். இதற்குக் காது நேரம் என்று பெயர். தும்மல் வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கண் பிதுங்க நிற்பார்களாம்.

கல்யாணமான புதிதில் பரண்காரர் அந்த ஓர் அடிக்குப் பின்னால் மெல்ல இன்னொரு தட்டு தட்ட ஆரம்பித்தார். அது ஆலைக்கு இல்லை. மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நிற்கிற ஒருவருக்கு.

“மணிக்கு ஒரு தரம் கொஞ்சுறான் பாரு, அதுவும் ஊரே கேக்க” என்று ஆலையில் கேலி செய்தார்கள்.

“உங்க வீட்டுல வருஷத்துக்கு ஒரு தரமாவது கேக்குதா?” என்றார் ஊசியக்கா. கேலி அதோடு நின்றது.

தீப்பிடித்தது நாங்களெல்லாம் பிறப்பதற்கு முந்தைய ஒரு கோடையில். ஊசியக்கா அன்றைக்கு ஊரில் இல்லை, தங்கச்சியின் பிரசவத்துக்குப் போயிருந்தார். ஆலையில் இரண்டு குழுக்களுக்குள் பந்தயம், எந்தக் குழு அதிக மரம் அறுக்கிறது என்று. ஊரே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. பெரிய ரம்பத்தில் நின்றவர் ரம்பண்ணன். தொழிலால் வந்த பெயர், அவர் பேச்சைக் கேட்டவர்கள் வேறு காரணமும் சொல்வார்கள். அவர் குழு மயிரிழையில் முந்திக்கொண்டிருந்தபோது காது நேரம் வந்தது. தான் நிறுத்தி எதிர்க்குழு நிறுத்தாவிட்டால் பிடித்துவிடும். ஒரு தரம் நிறுத்தாவிட்டால் என்ன என்று விட்டுவிட்டார். கூட்டமும் “ஓட்டு, ஓட்டு” என்றது. அடுத்த காது நேரமும் அப்படியே போயிற்று.

குன்றில் அடி விழுந்துகொண்டேயிருந்தது. பரண்காரர் அப்போதே இறங்கி ஓடியிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் கீழே ரம்பச் சத்தம் நிற்கவில்லை. நின்றால்தானே கேட்டுவிட்டார்கள் என்று தெரியும்? அதனால் அடித்துக்கொண்டேயிருந்தார். புகை ஆலை முற்றத்துக்கு வந்து எல்லோரையும் இருமவைத்தபோது பந்தயம் முடிந்தது. ஜெயித்தது யார் என்று இன்றுவரை தெரியாது. கீழ்வரிசை வீடுகள் மிச்சமில்லாமல் எரிந்துபோயின. பரண்காரரைப் புகை கொன்றுவிட்டது. கம்பியை அவர் விரல்களைப் பிரித்துத்தான் எடுத்தார்கள். உள்ளங்கை இரண்டிலும் தோல் இல்லை. தூக்கிவந்தவர்களில் கால்பக்கம் பிடித்தவர் ரம்பண்ணன்.

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். பரணுக்கு அடியில் விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்கிய காலி பாட்டில் கிடந்தது.

“இது என்ன?”

“குடிப்பான் சார்” என்றார் ரம்பண்ணன். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அதிகாரி பாட்டிலை மோந்து பார்த்திருக்கலாம். பாவம், அவருக்கு அன்றைக்குச் சளி போலிருக்கிறது.

திரும்பி வந்த ஊசியக்கா, கணவர் கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துப் பார்த்தார். பிறகு அத்தனை பேர் முன்னாலும் ரம்பண்ணனைக் கேட்டார்.

“குடிச்சிட்டுத் தூங்குனவர் கை எப்படிண்ணே இப்படி ஆகும்?”

 “கனவுல அடிச்சிருப்பான் தங்கச்சி” என்றார் ரம்பண்ணன் சட்டென்று.

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்களாம். சாவு வீட்டில், உடம்பை வைத்துக்கொண்டு. பின்னாளில் ஸ்டுடியோக்காரர் நாடகம் எழுதியபோது அந்தச் சிரிப்புதான் அவருக்கு விதை. காவல்காரன் தூக்கத்தில் கையை வீசுகிற இடம் அங்கேயிருந்து வந்தது. அந்த வேஷத்தைப் போட ஒருவரும் முன்வரவில்லை, எல்லோருக்கும் வீரராக ஆசை. கடைசியில் ஏற்றுக்கொண்டவர் யார் தெரியுமா? ரம்பண்ணன். பிரமாதமாகச் செய்தார். செத்தவரைக் காலைப் பிடித்துத் தூக்கிய ஆள் அல்லவா, கிடப்பது எப்படி என்று பக்கத்திலிருந்து பார்த்தவர்.

இதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமலிருப்பதில் எங்களை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

“நீங்க தங்கச்சி ஊருக்கே போயிடலாம்ல?” என்று கேட்டால் ஊசியக்கா, “நான் போயிட்டா இங்க ஒருத்தருக்கும் கூச்சமே இருக்காதே” என்பார். உடை தைக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டதும் அதற்காகத்தான். ஆனால் கூச்சம் யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு மாதமும் நாடகம் முடிந்ததும் ஸ்டுடியோக்காரரிடம் அதே பேச்சைத் தொடங்குவார்.

“தம்பி, அந்தக் காட்சிய எடுத்துரேன்.”

“அக்கா, அத எடுத்துட்டா என்ன இருக்கு? நெருப்பும் இருமலும்தான் இருக்கும். யாரு பார்ப்பா?”

“அப்ப வேற யாரையாவது வச்சுச் சிரிங்க. என் வீட்டுக்காரரே கிடைச்சாரா?”

“கலைன்னா நாலு பேருக்கு வலிக்கத்தான்க்கா செய்யும்.”

“நாலு பேருக்கா? எனக்கு ஒருத்திக்குத்தானேடா வலிக்குது. மிச்சம் மூணு பேர் எங்க?”

மேடையின் பின்பக்கத்தையும் கூடத்தையும் பிரிக்கிற தடுப்பு வெறும் பலகை, இடுக்கு விட்டு அடித்தது. உள்ளே பேசுவதெல்லாம் பெஞ்சுவரைக்கும் வரும். நாங்கள் அதற்கும் சிரிப்போம்.

போன வருஷம் கோடை தொடங்கியபோது ரம்பண்ணன் விழுவதற்கு ஒரு புது வழி கண்டுபிடித்தார். ஏணியின் பாதியில் தொங்கி, ஒரு சுற்று சுற்றி விழுவது. நாடகத்தன்று மத்தியானம் பழகிப்பார்த்தவர் உண்மையிலேயே விழுந்து, கால் எலும்பு முறிந்தது. பேருந்து நிறைய ஆட்கள் வந்துவிட்டார்கள். ஸ்டுடியோக்காரர் ஒவ்வொரு வீரரிடமும் போய்க் கெஞ்சினார்.

“நான் எப்படிங்க? நான் வாளி வீரர். ஜனங்க என்ன நினைப்பாங்க?”

“என் பையன் பார்க்க வர்றான். அவன் முன்னாடி குடிகாரனாவா?”

பாருங்கள், செத்தவரைக் குடிகாரர் என்று சொல்ல நாக்கு இருக்கிறது. அரை மணி நேரம் தாங்களே அப்படி நிற்க முதுகெலும்பு இல்லை.

ஊசியக்கா உதட்டிலிருந்த குண்டூசிகளை எடுத்துத் துணியில் குத்திவைத்தார்.

“நான் போடுறேன்.”

“அக்கா, விளையாடாதீங்க.”

“வசனம் பூரா எனக்குத் தெரியும். கோட்டு நான் தைச்சது. மீசைய ஒட்டிவிடு. ஆனா ஒண்ணு, அடுத்த மாசத்துலேருந்து குடிக்கிற காட்சி இருக்கக்கூடாது. சொல்லு.”

வெளியே ஜனங்கள் பெஞ்சைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். ஸ்டுடியோக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். “சரிக்கா. எடுத்துடறேன். சத்தியமா எடுத்துடறேன். ஏறுங்க.”

திரை விலகியதும் பெரிய மீசையும் தொளதொளக் கோட்டுமாக ஊசியக்கா பரண்மேல் நின்றார். வெளியூர்க்காரர்கள் பார்த்த மாத்திரத்தில் சிரித்தார்கள். நாங்கள் விசிலடித்தோம். முன்வரிசையில் ரம்பண்ணன் கட்டுப்போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஊசியக்கா பாட்டிலை எடுத்தார். மோந்து பார்த்தார். மூடி போட்டு ஓரமாக வைத்தார். பிறகு காட்சி அலங்காரத்துக்காகத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை, கம்பியால், ஓங்கி ஓர் அடி அடித்தார்.

ஆலையில் வேலை பார்த்தவர்கள் கூடத்தில் அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள். அந்த அடி விழுந்ததும் அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள். வெற்றிலைக்கு வாயைத் திறந்தவர் திறந்தபடியே இருந்தார். யாரும் சொல்லவில்லை, காது நேரம்போல உடம்பு தானாக நின்றது. வெளியூர்க்காரர்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், தனியாக மாட்டிக்கொண்ட சிரிப்பு.

ஊசியக்கா மறுபடி அடித்தார். விடாமல் அடித்தார். வசனம் கிடையாது. கோட்டுக் கை நீளம் என்பதால் அவ்வப்போது மேலே ஏற்றிக்கொண்டு அடித்தார். மீசை ஒருபக்கம் பிய்ந்து தொங்கியது. எங்களில் ஒருவனுக்கும் விசில் வரவில்லை. எப்போது நிறுத்துவார் என்று இருந்தது. நிறுத்தக் கூடாது என்றும் இருந்தது.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“கேக்கல தங்கச்சி! நல்லா சத்தமா அடி!”

ரம்பண்ணன். கூடத்தில் இருந்த மௌனம் அவர் பக்கமாகத் திரும்புவது அவருக்குப் புரிந்துவிட்டது. அதைச் சிரிப்பாக்கித் தள்ளிவிடப் பார்த்தார். தள்ளியும்விட்டார். கூடம் இடிந்து விழுவதுபோலச் சிரித்தது, ஆலைக்காரர்கள்தான் முதலில். அப்பாடா என்று சிரிக்கிற சிரிப்பு.

ஊசியக்கா கம்பியைத் தாழ்த்தினார். சிரிப்பு அடங்குகிறவரை காத்திருந்தார்.

“எப்படிண்ணே கேக்கும்? நீங்கதான் ரம்பத்த நிறுத்தலையே.”

வெளியூர்க்காரர்கள் கைதட்டினார்கள். நல்ல பதிலடி என்று நினைத்தார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரம்பண்ணன் எழுந்து போயிருப்பார், கால்தான் உதவவில்லை.

மேடைக்குப் பின்னால் ஸ்டுடியோக்காரர் குதித்துக்கொண்டிருந்தார். பலகை இடுக்கில் எல்லாம் கேட்டது.

“அக்கா! என்ன அக்கா நீங்க! சிரிப்பு ரெண்டு மடங்கு! கைதட்டல் வேற!”

“வாக்கு குடுத்தியே தம்பி.”

“அத எடுத்தாச்சேக்கா! குடிக்கிற காட்சி போச்சு. இனிமே இதான். நீங்க அடிக்கிறீங்க, கீழேருந்து ‘கேக்கல’ன்னு ஒருத்தர் கத்தணும், நீங்க பதில் சொல்லணும். மாசாமாசம். பிச்சுக்கும்!”

 ஊசியக்கா அழுகிறார் என்று நினைத்தோம். உள்ளே எட்டிப்பார்த்த ஒருவன், மீசையைக் கண்ணாடி முன்னால் நின்று பிய்க்கிறார் என்றான். பசை தோலோடு வந்ததாம்.

தன் கணவரை மேடையிலிருந்து இறக்கத்தான் அவர் அத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அந்தக் காட்சி முன்பைவிடப் பெரிதாகிவிட்டது, அவர் கையாலேயே. அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஊசியை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

“சரி, போடுறேன்” என்றார் ஊசியக்கா. “ஆனா கத்துறது ரம்பண்ணன்தான் கத்தணும். வேற ஆளு கத்துனா நான் ஏற மாட்டேன்.”

“அவருக்கென்னக்கா, சந்தோஷமா கத்துவாரு.”

அடுத்த மாதம் ரம்பண்ணன் கால்வலி என்றார். ஸ்டுடியோக்காரர் நாற்காலியோடு தூக்கிவரச் செய்தார். அதற்கடுத்த மாதம் தொண்டை சரியில்லை என்றார். கஷாயம் போட்டுக் கொடுத்தார்கள். மாட்டேன் என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனாலேயே கேட்பார்கள். எங்கள் ஊர் அப்படி.

ஒவ்வொரு மாதமும் அவர் கத்தினார். ஒவ்வொரு மாதமும் ஊசியக்கா பதில் சொன்னார். வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். பிறகு நாங்களும் சிரிக்கப் பழகிக்கொண்டோம், எதற்கும் பழகிவிடுகிற வயது. ரம்பண்ணனின் பேத்தி ஒருநாள் வீட்டில், “தாத்தா, நீங்க ஏன் ரம்பத்த நிறுத்தல?” என்று கேட்டுவிட்டாள். நாடக வசனம்தானே என்று மருமகள் சிரித்தாளாம். அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. பிறகும் சரியாகச் சாப்பிடவில்லை. ஊசியக்காதான் அவர் சட்டைகளைப் பிடித்துத் தைத்துச் சின்னதாக்கிக் கொடுத்தார். எதுவும் பேசவில்லை, குண்டூசி வாயிலேயே இருந்தது.

இந்த மழைக்கு முந்தைய கடைசி நாடகத்துக்கு ரம்பண்ணன் தானாக நடந்து வந்தார். கைத்தடி ஊன்றி, அவர் இடத்தில் உட்கார்ந்தார். மேலே அடி விழுந்தது. வழக்கமான இடத்தில் ஊசியக்கா நிறுத்திவிட்டு, கம்பியோடு அவரைப் பார்த்தார். ரம்பண்ணன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பக்கவாட்டிலிருந்து ஸ்டுடியோக்காரர் “கேக்கல, கேக்கல” என்று எடுத்துக்கொடுத்தார். ஊசியக்கா அவசரப்படவில்லை. இறங்கவும் இல்லை, மறுபடி அடிக்கவும் இல்லை. ஒருவர் இருமினார், இன்னொருவர் உஷ் என்றார்.

கடைசியில் ரம்பண்ணன், முன்வரிசைக்கு மட்டும் எட்டுகிற மாதிரி சொன்னார்: “கேட்டுச்சு தங்கச்சி. ரெண்டாவது காது நேரத்துல, ரம்பத்துல மரம் மாத்துறப்போ. கேட்டுச்சு.”

அது நாடகத்தில் இல்லாத வசனம். முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு அது வாய்மாறி வந்து சேர்ந்தது. இத்தனை வருஷமாக ஊர் மறைத்துவந்தது கேட்கவில்லை என்பதைத்தான். அவருக்குக் கேட்டது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. ஊசியக்காவுக்கும் தெரியாது.

அவர் பரண் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கோட்டுக் கையை ஏற்றிக்கொண்டு மீதி அடிகளை அடித்து முடித்தார். காட்சி என்றால் முடிக்க வேண்டுமே.

மேடைக்குப் பின்னால் ஸ்டுடியோக்காரர் எரிந்துவிழுந்தார். “என்னக்கா இது, இன்னைக்கு ஒரு சிரிப்புகூட வரல!”

“வராது தம்பி” என்றார் ஊசியக்கா. “மழை முடிஞ்சு வேற ஏதாச்சும் எழுது. எனக்கு இந்த வேஷம் போதும்.”